கம்பெனி அப்புறம், முதலில் ஆடிட்டர்

கேள்வி: மேடம், பதினோரு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு மார்ச் மாதம் விலகினேன். ஏப்ரலிலிருந்து தனியாக ஒப்பந்த வேலை. ஓர் அமெரிக்க நிறுவனம் மாதம் இரண்டரை லட்சம் தருகிறது, இங்கே உள்ள ஒரு கம்பெனி மாதம் ஐம்பதாயிரம். நண்பர் மூலம் வந்த ஒரு கன்சல்டன்ட், "உடனே பிரைவேட் லிமிடெட் போடுங்க, மனைவியை டைரக்டர் ஆக்குங்க, சம்பளத்தை ரெண்டாப் பிரிச்சா வரி பாதியாயிடும்" என்கிறார். கம்பெனிப் பெயருக்குக்கூட விண்ணப்பித்துவிட்டார். அப்பாவுக்கு ரொம்ப வருடமாகக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரோ, "அதெல்லாம் எதுக்குத் தம்பி, ரிட்டர்ன் போட்டா போதும், வெளிநாட்டுப் பணத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது" என்கிறார். மனைவி வரலாறு படித்தவர், இப்போது வேலைக்குப் போகவில்லை. நான் யார் பேச்சைக் கேட்பது? நல்ல ஆடிட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் வேண்டாம்.

பதில்: அப்பாவின் ஆடிட்டர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. கன்சல்டன்ட் சொன்னது உங்களுக்கு முழுக்கவே பொருந்தாது. காரணத்தைக் கணக்குப் போட்டே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் கணக்குப் போடாமல் ஆலோசனை சொல்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் வருட வரவு 36 லட்சம். தகவல் தொழில்நுட்பம், பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற சில தொழில்களை வருமான வரிச் சட்டம் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது, அவற்றைத் தனிநபராகச் செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்றொரு வழி உண்டு. மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டிவிட்டால், பில்லை எல்லாம் அடுக்கிச் செலவுக் கணக்கு எழுத வேண்டியதில்லை, ஆடிட் தேவையில்லை. வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்குவது மொத்த வரவில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். உங்களுக்கு வருவதெல்லாம் வங்கி வழியாகத்தான், அதனால் 75 லட்சம்தான் உங்கள் வரம்பு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண் மாறி 58 ஆகிறது, ஆனால் எந்த ஆடிட்டரிடம் போனாலும் 44ஏடிஏ என்றே சொல்லுங்கள், அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். 36 லட்சத்தில் பாதி 18 லட்சம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை ஒன்றுமில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அப்புறம் 10, 15 என்று ஏறி, 16 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 1,60,000. 4 சதவீத செஸ் சேர்த்தால் ரூ. 1,66,400. உங்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவ்வளவுதான்.

இப்போது கன்சல்டன்டின் யோசனை. கம்பெனி போட்டால் 44ஏடிஏ போய்விடும், அது கம்பெனிக்கும் கிடையாது எல்எல்பி என்ற வரம்புள்ள பொறுப்புக் கூட்டு நிறுவனத்துக்கும் கிடையாது. உண்மையான செலவை மட்டும்தான் கழிக்கலாம். வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது, தாராளமாக 4 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 32 லட்சம். அதை நீங்கள் 16, மனைவி 16 என்று சம்பளமாக எடுத்தால், சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக் கழிவு ஆளுக்கு 75,000 போக ஒருவருக்கு வரி ரூ. 1,13,100, இருவருக்கும் சேர்த்து ரூ. 2,26,200. வரியைப் பாதியாக்குகிறேன் என்று சொன்ன யோசனை, எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தாலும், 60,000 ரூபாய் கூடுதலாக வாங்குகிறது.

ஆனால் அவர் சொன்னபடி நடக்கவும் செய்யாது. கம்பெனியில் கணவனுக்கோ மனைவிக்கோ 20 சதவீதத்துக்குக் குறையாத பங்கு இருந்து, இன்னொருவர் அங்கே சம்பளம் வாங்கினால், அந்தச் சம்பளம் அவருடைய தொழில்நுட்பத் தகுதிக்கோ தொழில் அனுபவத்துக்கோ கிடைத்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது மற்றவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். வரலாறு படித்தவர் சாப்ட்வேர் கம்பெனியில் வருடம் 16 லட்சத்துக்கு என்ன வேலை செய்தார் என்று அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. இருவர் சம்பளமும் உங்கள் தலையில் சேர்ந்தால் வரி 5 லட்சத்தைத் தாண்டும். இந்த விதி நேற்று வந்ததில்லை, கம்பெனி பதிவு செய்து கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அவருக்குக் கட்டணம் கம்பெனி பதிவானால்தான் வரும், அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் வரும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, விற்பதைத்தான் அவர் விற்பார்.

கம்பெனி என்பது வரியோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் வருடா வருடம் ஆடிட் கட்டாயம். அந்த ஆடிட் செய்பவர் உங்கள் கணக்கை எழுதித் தரக் கூடாது என்று கம்பெனிச் சட்டம் தடுக்கிறது, ஆக கணக்கு எழுத இன்னொருவர். ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் நேரத்துக்குத் தாக்கல் செய்யாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பு கிடையாது. கம்பெனிக் கணக்கில் இருக்கும் பணம் உங்கள் பணம் இல்லை; அவசரத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்கும் ஒரு சட்டப் பிரிவு வந்து நிற்கும். வேண்டாம் என்று மூடப் போனால் அதற்கும் விண்ணப்பம், 10,000 ரூபாய் அரசுக் கட்டணம், அதுவரை பாக்கியான தாக்கல்களை எல்லாம் முடித்துக் காட்ட வேண்டும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு. ஒரே ஆளாக நடத்தும் ஓபிசி வகைக் கம்பெனிக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். எல்எல்பி கொஞ்சம் இலகு, விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் ஆடிட். ஆனால் இரண்டு பேர் வேண்டும், லாபத்துக்கு நேரே 30 சதவீதமும் செஸ்ஸும். உங்கள் நிலையில் அதுவும் வேண்டாம்.

அப்படியானால் எப்போது கம்பெனி? ஆட்களை வேலைக்கு வைக்கும்போது, இன்னொருவர் உண்மையிலேயே பங்காளியாக வரும்போது, சொந்தமாக ஒரு மென்பொருளை உருவாக்கி முதலீடு தேடும்போது, வரவு 75 லட்சத்தைத் தாண்டப் போகிறது என்று தெரியும்போது. அல்லது தனிநபரோடு ஒப்பந்தம் போடவே மாட்டோம் என்று ஒரு பெரிய வாடிக்கையாளர் அடம்பிடிக்கும்போது. அப்போதும் உடனே தலையாட்ட வேண்டாம். பல இடங்களில் அவர்கள் கேட்பது ஜிஎஸ்டி எண்ணும் வணிகப் பெயரில் ஒரு நடப்புக் கணக்கும்தான், அது தனி உரிமையாளராகவே கிடைத்துவிடும்.

"பொறுப்பு வரம்புக்குள் இருக்கும்" என்று கம்பெனிக்கு ஒரு காரணம் சொல்வார்கள், உங்கள் கன்சல்டன்டும் சொல்லியிருப்பார். அது நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்க நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை. நட்ட ஈடு பற்றி ஒரு பத்தி நடுவில் எங்கேயாவது இருக்கும், பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. எல்லா இழப்புக்கும் நீங்களே பொறுப்பு என்று வரம்பில்லாமல் எழுதியிருந்தால், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் வாங்கிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன, யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது அப்படியே கிடக்கிறது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் தனிநபருக்குக் கிடைக்கும்.

இனி அப்பாவின் ஆடிட்டர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, கம்பெனி வேண்டாம் என்று சொன்னாரே. ஆனால் ஜிஎஸ்டியில் தவறிவிட்டார். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது ஏற்றுமதி வரவையும் சேர்க்க வேண்டும் (சில மாநிலங்களில் வரம்பு 10 லட்சம்). மாதம் மூன்று லட்சம் என்றால் அக்டோபர் பில்லோடு 21 லட்சம் ஆகிவிடும், தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு வந்தவுடன் ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி என்ற உறுதிமொழியைப் போட்டுவிட்டால் அமெரிக்கப் பில்லுக்கு வரி கட்டாமலே அனுப்பலாம். அது ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டியது, ஏப்ரலில் மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். உள்ளூர் கம்பெனிக்கு மட்டும் 18 சதவீதம் சேர்த்துப் பில் போடுவீர்கள், ஐம்பதாயிரத்துக்கு 9,000. அந்த 9,000 உங்கள் காசு இல்லை, செலவழித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கியோ பணம் அனுப்பும் தளமோ எதற்காக வருகிறது என்று ஒரு குறியீடு கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. பட்டியலில் குடும்பப் பராமரிப்பு என்று ஒன்றும் இருக்கும், பார்க்க எளிதாக இருக்கிறதே என்று அதைத் தட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் அது ஏற்றுமதி வருமானம் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு தொகைக்கும் வரும் பணவரவுச் சான்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம், நீங்கள் அந்நாட்டவர் இல்லை என்று சொல்லும் படிவம் அது, அமெரிக்காவுக்கு வரி கட்டும் படிவம் இல்லை. வேலையை இந்தியாவில் உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பது அவர்கள் கணக்கில் முக்கியம்.

அப்புறம் முன்கூட்டிய வரி. இத்தனை வருடம் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள், இப்போது அமெரிக்காவிலிருந்து முழுத் தொகையும் வருகிறது, உள்ளூர் கம்பெனி மட்டும் டிடிஎஸ் பிடிக்கும். மற்றவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணையாகக் கட்ட வேண்டும், 44ஏடிஏ-வில் இருப்பவர்களுக்கு மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும். வசதிதான். ஆனால் வருடம் முழுக்கச் செலவு செய்துவிட்டு மார்ச்சில் ஒன்றரை லட்சத்துக்குத் திண்டாடுவதும் இதனால்தான். மாதாமாதம் வரவில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் தள்ளிவிடுங்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள், அரசுத் தளத்தில் இலவசம், தனிநபரே செய்யலாம். உள்ளூர் கம்பெனி பணத்தை இழுத்தடித்தால் இது உதவும். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்குக்குக் கூட்டுவட்டி. அது மட்டுமில்லாமல், காலக்கெடு தவறிய தொகையை, பணம் கொடுக்கும் வருடம் வரும் வரை, அவர்களால் செலவாகக் கழிக்கவும் முடியாது. பாக்கி கேட்டு எழுதும் மின்னஞ்சலில் உத்யம் எண்ணைப் போட்டு இந்த 45 நாளை ஒரு வரி நினைவூட்டுங்கள். சண்டை போட வேண்டியிருக்காது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, நான் முதலாவதாக வைத்திருக்க வேண்டிய கேள்வி. நம் பக்கம் கணக்குப் பார்ப்பவர் எல்லாரும் ஆடிட்டர்தான். அதில் பட்டயக் கணக்காளரும் உண்டு, வரி பிராக்டிஷனரும் உண்டு, பட்டயக் கணக்காளரிடம் சில வருடம் உதவியாளராக இருந்துவிட்டுத் தனியாக மேசை போட்டவரும் உண்டு. எளிய ரிட்டர்னுக்கும் ஜிஎஸ்டிக்கும் நல்ல பிராக்டிஷனர் போதும், அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. ஆனால் ஆடிட், சான்றிதழ் என்று வந்தால் பட்டயக் கணக்காளர்தான் கையெழுத்துப் போட முடியும், அதில் யூடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்கும், அதைப் பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். உறுப்பினர் எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போகாதீர்கள்.

முதல் சந்திப்புக்கு ஒப்பந்தம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், போன வருட ரிட்டர்ன், மூன்றையும் எடுத்துப் போய் மேசையில் வைத்துவிட்டு அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஒப்பந்தத்தைத் திறக்காமலே கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆரம்பித்தால் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். "பழைய ஆபீஸில் ஷேர் ஏதும் கொடுத்தாங்களா?" என்று கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள். ஏனென்றால் நிறைய மென்பொருள் ஊழியர்களிடம் தாய்க் கம்பெனியின் வெளிநாட்டுப் பங்குகள் இருக்கும், அப்படி இருந்தால் 44ஏடிஏ-காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-4 படிவத்தைப் போட முடியாது. ஐடிஆர்-3 போட்டு, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 10 லட்சம் வரை அபராதத்துக்கு இடமுண்டு. இது உங்களிடம் இல்லாமல் இருக்கலாம், கேட்கிறாரா என்பதுதான் விஷயம். பழைய வரி முறைக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தாலும் கவனியுங்கள். சம்பளக்காரர் வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம், தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதியதுக்குத் திரும்பினால் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. இதை எச்சரிக்காமல் "இந்த வருஷம் எது லாபமோ அதைப் போடலாம்" என்பவர் உங்களை இன்னும் சம்பளக்காரராகவே நினைக்கிறார்.

ரீபண்டில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று கேட்பவர் பட்டயக் கணக்காளராக இருந்தால் தொழில் விதியை மீறுகிறார், இல்லாவிட்டால் இல்லாத கழிவுகளை எழுதப் போகிறார். பொய்யான விவரம் என்று தெரிந்தால் அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு, கட்ட வேண்டியவர் நீங்கள், கமிஷன் வாங்கியவர் இல்லை. கட்டணம் எவ்வளவு என்பதைவிட அதில் என்னென்ன அடங்கும் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிட்டர்ன், ஜிஎஸ்டி மாதத் தாக்கல், எல்யூடி, நோட்டீஸ் வந்தால் பதில். இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் பின்னால் தகராறு வரும். தாக்கல் செய்வது அவரா, அவருடைய உதவியாளரா என்றும் கேளுங்கள். உதவியாளர் செய்வதில் தப்பில்லை, அவர் பெயரும் போன் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும்.

யாரிடம் போனாலும், வருமான வரித் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் உங்கள் சுயவிவரத்தைத் திறந்து, முதன்மை மின்னஞ்சலும் மொபைலும் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று தங்களுடையதைப் போட்டுவிடுவது பல அலுவலகங்களில் வழக்கம். நோட்டீஸ் அங்கே போகும், பதில் சொல்லும் நாள் போனபிறகு உங்களுக்குத் தெரியும். கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும்.

அப்பாவின் ஆடிட்டரையே வைத்துக்கொள்ளலாமா என்றால், ஜிஎஸ்டி வரம்பை அவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், "ஏற்றுமதியையும் சேர்த்து 20 லட்சம்னு சொல்றாங்களே சார்" என்று. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அடுத்த வாரம் சரியாகச் சொன்னால் அவரே போதும். நான் சொல்றேன் இல்ல, விடு தம்பி என்றால், அப்பாவின் கணக்கு அவரிடமே இருக்கட்டும், உங்களுடையதுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கம்பெனிப் பெயருக்கு விண்ணப்பித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் மட்டும் என்றால் கவலை வேண்டாம், ஒதுக்கிக் கொடுத்தாலும் 20 நாளில் பதிவுக்கு மேற்கொண்டு போகாவிட்டால் தானாகவே காலாவதியாகிவிடும், அதனால் உங்களுக்கு ஒரு பொறுப்பும் வராது. ஆனால் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ டிஜிட்டல் கையெழுத்து எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அந்தப் பென்டிரைவ் மாதிரி இருக்கும் டோக்கனையும் அதன் பின் எண்ணையும் நேரில் போய் வாங்கிவிடுங்கள், மேற்கொண்டு எதுவும் தாக்கல் செய்ய வேண்டாம் என்று அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். அவர் அதுவரை செய்த வேலைக்குக் கேட்கும் தொகை நியாயமாக இருந்தால் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.